பழனிக்குப் போனால் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள்

போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். விடியற்காலை நாலு மணிக்குக் காரை எடுத்து, பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார்களாம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்களும் அப்படித்தான் போய் வந்தோம். அன்றைக்கு நடந்ததையும் அதற்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டதையும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குச் சிங்கம்புணரிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா காலத்தில் பழனி என்றால் நடைதான். மாலை போட்டு, தைப்பூசத்தையொட்டிக் கிளம்பி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று நாலு நாள் நடப்பார். நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையாக வருகிற சாலை அது. வழியில் மோர் கொடுப்பார்கள், சுக்குக் காபி கொடுப்பார்கள், திண்ணையில் படுக்க இடம் கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் அப்பத்தா வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு அவர் காலை முக்கி வைக்கச் சொல்லும். உள்ளங்கால் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்ததைச் சின்னப் பையனாக எட்டிப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்பா காலத்தில் பஸ், சில சமயம் திண்டுக்கல் போய் மீட்டர் கேஜ் ரயில். பஸ்ஸில் போனால் ஆயக்குடியில் ஜன்னலுக்கு வெளியே கொய்யாப்பழக் கூடையைத் தூக்கிக் காட்டுவார்கள், அதைக் கண்டதுமே மலை எந்தப் பக்கம் தெரியும் என்று நாங்கள் ஆளாளுக்குக் கழுத்தை நீட்டுவோம். போய்ச் சேரவே சாயங்காலம் ஆகிவிடும், அதனால் அன்றைக்கே திரும்புகிற பேச்சே கிடையாது. சத்திரத்தில் ஜமுக்காளத்தை விரித்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் வரிசையாகப் படுப்போம்.

இப்போது நல்ல ரோடு இருக்கிறது, கார் இருக்கிறது. சரி, ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்துவிடலாம் என்று அம்மா, அப்பா, மனைவி, பிள்ளைகள் இரண்டு பேரோடு கிளம்பினோம். அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் ரோப் கார், அப்புறம் கட்டண வரிசை, சில நொடி தரிசனம், இரண்டு டப்பா பஞ்சாமிர்தம், உடனே திரும்பிவிட்டோம். எல்லாம் நான் போட்ட கணக்குப்படியே நடந்தது. கார் நத்தம் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து அம்மா மெதுவாகக் கேட்டார், "ஆவினன்குடிக்குப் போகவே இல்லியேப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிவாரத்தில் இருக்கிற திருவாவினன்குடிதான் மூன்றாம் படைவீடு. அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு தடவைகூடத் தவறாத வழக்கம் அது. அதை எனக்கு ஞாபகப்படுத்தக்கூட அம்மாவுக்கு இடம் கொடுக்காத வேகத்தில் கூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் ஒரு நாள் லீவு போட்டு, ஒரு ராத்திரி தங்குவதாகப் போனோம். மதியம் ஊருக்குள் நுழைந்து, குளித்து, முதலில் ஆவினன்குடி. மூன்று மணிக்கு யானைப்பாதையில் ஏற ஆரம்பித்தோம். படிப்பாதையில் 693 படி. யானைப்பாதை சரிவாகப் போவதால் முட்டி வலிக்காரர்கள் நின்று நின்று ஏறலாம், முடியாதவர்களுக்கு 1966-லிருந்து தண்டவாளத்தில் மேலே இழுத்துப் போகிற விஞ்ச் இருக்கிறது. அம்மா ஏறியே தீருவேன் என்றார். நாலு எட்டு வைத்து உட்கார்வார், தண்ணீர் குடிப்பார், எழுந்திருப்பார். ஓர் இடத்தில் உட்கார்ந்து என் மகளுக்கு இடும்பன் கதையைச் சொன்னார். சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலையைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தவன், இளைப்பாற இறக்கி வைத்த இடம் இது, அதோ தெரிகிறதே அது இடும்பன் மலை என்று கையை நீட்டிக் காட்டினார். மகள் அம்மாவின் விரல் போன திசையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் நான் படித்துக் காட்டியபோது அவள் காதில்கூட வாங்காத கதை அது!

மேலே போனபோது சாயரட்சை, அதாவது சாயங்காலப் பூஜை. ராஜ அலங்காரம். கிரீடமும் பட்டுமாக நிற்கிற முருகனை நான் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் தங்கத்தேர். தேர் வெளிப்பிராகாரத்தில் திரும்பும்போது எழும்பிய அரோகரா சத்தத்தில் சின்னவன் என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். 2023 அக்டோபரிலிருந்து மலைமேல் செல்போனுக்குத் தடை. அது ரொம்ப நல்ல காரியம் என்பேன். தேரைப் போனில் பிடிக்கக் கையைத் தூக்குகிறவர் யாரும் இல்லாததால் பின்னால் நின்ற பிள்ளைகளுக்கும் தேர் தெரிந்தது.

ராத்திரி கிரிவலப் பாதையில் நடந்தோம். தனியார் வண்டிகளை இப்போது அந்தப் பாதையில் விடுவதில்லை, அதனால் பிள்ளைகள் கையை விட்டுவிட்டு ஓடலாம். அப்பா, தாத்தாவோடு நடந்து வந்த ஒரு வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அவர் நடந்து வந்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் விடிகாலையில் நானும் அப்பாவும் மகளும் மட்டும் படியேறினோம். காலையில் முதல் பூஜைக்கு முருகன் ஆண்டிக் கோலம். மகள் என் சட்டையை இழுத்து, "நேத்து ராஜா மாதிரி இருந்தாரே, இன்னிக்கு ஏம்ப்பா எல்லாத்தையும் கழட்டிட்டாங்க?" என்று கேட்டாள். இறங்குகிற வழி முழுக்க அப்பா அவளுக்கு மாம்பழக் கதை சொன்னார், கோபித்துக்கொண்டு வந்த பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையில் ஏறி நின்ற கதை. முந்தின நாள் ராஜாவையும் பார்த்திருந்ததால்தான் அவளுக்கு அந்தக் கேள்வியே வந்தது. அரை நாளில் ஓடி வந்தால் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும்.

இராக்காலச் சந்தனமும் அப்படித்தான். ராத்திரி பூஜையில் மூலவர் திருமேனியில் சாத்துகிற சந்தனம் மறுநாள் காலையில்தான் பிரசாதமாகக் கிடைக்கும். போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தில், அதாவது ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்து, செய்த திருமேனி என்பதால் அதைத் தொட்ட சந்தனம் நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. காகிதத்தில் மடித்துக் கொடுத்ததை அப்பா சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதைப் பிரித்து ஒருதரம் முகர்ந்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டார்.

தங்கினால் செலவாகுமே என்பார்கள். ஆகத்தான் செய்யும். ஆனால் தேவஸ்தான விடுதிகள் இருக்கின்றன, சமூக மடங்கள் இருக்கின்றன, 2012 முதல் மலையில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. லீவு கிடைக்காது என்பார்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தானே கேட்கிறேன்! தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை நாட்களில் மட்டும் வயசானவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துப் போகாதீர்கள், அந்த நெரிசல் அவர்களுக்குத் தாங்காது. கூட்டம் குறைந்த ஒரு சாதாரண வாரநாளாகப் பாருங்கள். காலையில் போகிற மாதிரித் திட்டம் போடாமல் மதியம் போய்ச் சேருங்கள், மறுநாள் காலைப் பூஜை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அப்பா அம்மா நடக்கிற வேகத்துக்கு நீங்கள் நடங்கள்.

நாங்கள் இந்த வருஷம் மாசியில் போகிறோம். விஞ்ச்சில் போய்விடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாமாம். போன தடவை உட்கார்ந்த இடத்தில் ஒரு கதை பாதியில் நிற்கிறதாம், பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.