தாயுள்ளமும் தாம்பூலத் தட்டும்

சனிக்கிழமை சேலம் அஸ்தம்பட்டி மண்டபத்தில் நம் வக்கீல் சங்க விழாவில் நடந்ததை வீடியோவில் பார்த்தவர்களுக்கு மறுபடி கதை சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்கள் பார்க்காமலே இருங்கள், ரத்தக்கொதிப்புக்கு நல்லது. "சின்ன விஷயத்தை ஏன் மேடம் பெருசு பண்றீங்க" என்று, நான் போட்ட பதிவைப் பார்த்துவிட்டு அன்றிலிருந்து இன்பாக்ஸில் வந்து கேட்கிறவர்களுக்காக மட்டும் இது.

மேடையில் பேசியவர் பெயரைப் போட மாட்டேன். என் சீனியருக்கே சீனியர். சட்ட ஞானத்தில் குறை சொல்ல முடியாது, அதனால்தான் கோபமும் அதிகம். பாதி நேரம் அவர் பேசியது, பெண் நீதிபதிகள் தாயுள்ளத்தோடு தீர்ப்புச் சொல்வார்கள் என்று. மீதி நேரம், நீதிக்கு ஆண் பெண் கிடையாது, அதனால் உச்ச நீதிமன்றத்தில் எத்தனை பெண்கள் என்று எண்ணுவதே அநாகரிகம் என்று. இரண்டுக்கும் அதே கூட்டம்தான் கைதட்டியது. ஐயா, ஆண் பெண் கிடையாது என்றால் தாயுள்ளம் மட்டும் எங்கிருந்து வந்தது? தாயுள்ளம் அவ்வளவு உசத்தி என்றால் அந்தத் தாய்மார்களை ஏன் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? இதைக் கேட்கத்தான் எழுந்தேன். "உட்காரும்மா, சாப்பாடு ஆறுது" என்றார்கள். ஒரே சிரிப்பு.

மேடையில் இருந்த ஆண்களுக்குச் சால்வை, கேடயம். ஒரே பெண் நீதிபதிக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஜாக்கெட் பிட் வைத்த தாம்பூலத் தட்டு. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார், பாவம்.

எண்ணுவது அநாகரிகமாம். சரி, நான் அநாகரிகமானவள். எண்ணுகிறேன்.

உச்ச நீதிமன்றம் 1950-இல் வந்தது. முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி பதவியேற்றது 1989 அக்டோபரில். நடுவில் 39 வருடம் ஒரு பெண்கூட இல்லை. அப்புறம் சுஜாதா மனோகர், ரூமா பால் என்று ஒவ்வொருவராக. 2006-இல் ரூமா பால் ஓய்வு பெற்றார். 2010-இல் ஞான் சுதா மிஸ்ரா வரும்வரை அங்கே மறுபடியும் பூஜ்யம். 2021-இல் ஒரே நாளில் மூன்று பெண்கள் பதவியேற்றபோது நாமெல்லாம் ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடினோம். 2025-இல் பேலா திரிவேதி ஓய்வு பெற்றதும் மிஞ்சியது நாகரத்னா ஒருவர்தான். அப்போது அனுமதிக்கப்பட்ட இடங்கள் 34. அந்த 75 வருடத்தில் மொத்தம் 11 பெண்கள். எண்ணக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

"தகுதி இருந்தால் வரட்டுமே, நம்ம அரூர்லேர்ந்து பானுமதி அம்மா போகலையா" என்றும் அந்தச் சீனியர் சொன்னார். போனார். திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் கோர்ட்டுகளில் கறுப்புக் கோட்டு போட்டு, நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதியாகி, 2014-இல் தில்லிக்குப் போனார். இரண்டு வயதில் பஸ் விபத்தில் அப்பாவை இழந்ததையும், தீர்ப்பு வந்தும் நடைமுறைச் சிக்கலில் இழப்பீடு கைக்கு வராததையும் அவர் ஓய்வு பெறும்போது சொன்னார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன முதல் பெண் அவர். அந்த முதல் பெண் போக 64 வருடம் ஆனது என்பதைப் பெருமையாகச் சொல்கிற தைரியம் மேடைக்கு மட்டும்தான் வரும்.

தகுதி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஒரு கணக்கு ஞாபகம் வருகிறது. 2025-இல் வந்த இந்திய நீதி அறிக்கைப்படி மாவட்ட நீதித்துறையில் பெண்கள் 38 சதவீதம், உயர் நீதிமன்றங்களில் 14. கீழே உட்காரப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும். மேலே உட்கார கொலீஜியம், அதாவது மூத்த நீதிபதிகளின் தேர்வுக் குழு, கூப்பிட வேண்டும். பரீட்சைத்தாளில் தெரிகிற தகுதி கூப்பிடுகிற கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

இதெல்லாம் நாற்காலிச் சண்டை, பாமரப் பெண்ணுக்கு இதில் என்ன என்று ஒரு தம்பி கமெண்ட்டில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி தம்பி. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு மலையாளிப் பெண்ணின் ஜீவனாம்ச வழக்கை நடத்தினேன். (சென்னை நண்பர்களுக்கு: கேரளாக்காரர் இல்லை, சேர்வராயன் மலையின் பழங்குடி. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) புருஷன் தரப்பு எதிருரையில் ஒரு வரி: "மனுதாரர் ஒழுக்கமற்றவர், கண்ட இடத்தில் இரவு தங்குபவர்." பிறரோடு தகாத உறவில் வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டத்தில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. அதை நம்பி இந்த வரி எல்லா எதிருரையிலும் அச்சு மாறாமல் வரும். பழம் பறிக்கிற சீசனில் அந்தம்மா எஸ்டேட் லைன் வீட்டில் தங்கியிருந்தார், அவ்வளவுதான் குற்றம். குறுக்கு விசாரணையில் கேட்டார்கள், ராத்திரி பக்கத்து ரூமில் யார் இருந்தது என்று. "காப்பிக்கொட்டை மூட்டைங்க சார்" என்றார். கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், கேள்வியைத் தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். புருஷன் ராத்திரி எங்கே படுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அந்தம்மாவுக்கு இருந்த ஒரே கவலை அடுத்த வாய்தா. கூலி போய்விடுமாம்.

ஜீவனாம்சம் கிடைத்தது. ஒழுக்கமற்றவர் என்கிற வரி இன்னமும் வழக்குக் கட்டுக்குள் இருக்கிறது.

இந்த மொழி எங்கிருந்து கீழே இறங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? 2010-இல் கோயம்புத்தூரிலிருந்து போன வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே 'கீப்' (வைப்பாட்டி) என்ற வார்த்தை வந்தது. மத்திய அரசு வக்கீலாக, கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் அதே அமர்வின் முன்னால் நின்று ஆட்சேபித்தார். அப்போது மொத்த உச்ச நீதிமன்றத்திலும் பெண் நீதிபதி ஒருவர்தான். 2020-இல் பாலியல் வன்முறைக்குப் பிறகு அசந்து தூங்குவது இந்தியப் பெண்ணுக்கு அழகல்ல என்று கர்நாடகத்தில் ஒரு ஜாமீன் உத்தரவு வந்தது. கண்டனத்துக்குப் பிறகு நீக்கினார்கள். அதே வருடம் மத்தியப் பிரதேசத்தில், பாதிக்கப்பட்ட பெண்ணின் கையால் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் நிபந்தனை. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது பெண் வழக்கறிஞர்கள்தான். நீதித்துறையில் பெண்கள் அதிகமானால் இந்தப் பார்வை மாறும் என்று அந்த வழக்கில் எழுதிக் கொடுத்தவர் யார் தெரியுமா? மத்திய அரசின் தலைமை வக்கீல், அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால். அவர் எண்ணிக்கை கேட்டால் சட்ட நுட்பம், நான் கேட்டால் சாப்பாடு ஆறுது.

2023-இல் உச்ச நீதிமன்றத்தில் இந்தச் சொற்களுக்குக் கையேடே போட்டார்கள். நல்லது. 'கற்புள்ள பெண்' என்று எழுதாதே, பெண் என்று எழுது என்று சொல்ல ஒரு கையேடு தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்.

இனி எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு வருகிறேன். "வாச்சாத்தித் தீர்ப்பை எழுதியது ஆண் நீதிபதிதானே?" ஆமாம். நமக்குப் பக்கத்து மலை அது. 1992-இல் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் வனத்துறையும் போலீசும் நடத்திய பாலியல் அக்கிரமத்துக்குப் பிறகு அந்த ஊர்ப் பெண்களைக் கொண்டுவந்து அடைத்தது நம் சேலம் சிறையில். 2023-இல் மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொல்லும் முன் நீதிபதி வேல்முருகன் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடுகிறேன். நல்ல ஆண் நீதிபதிகள் இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? ஒரு நல்லவர் வர 31 வருடம் காத்திருக்கச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

"சபரிமலை அமர்வில் பெண்களை விடலாம் என்ற தீர்ப்பை எதிர்த்து எழுதியதே பெண்தானே?" ஆமாம், ஐவரில் இந்து மல்ஹோத்ரா மட்டும். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் தாயுள்ளக்காரர்களே, அதை ஒருமுறை படியுங்கள். நாலு ஆண்களுக்கு எதிராகத் தனியாக நின்று சட்டம் பேசியிருக்கிறார். தாலாட்டு எதுவும் பாடவில்லை.

"நாகரத்னா தலைமை நீதிபதியானாலும் 36 நாள்தான், அதுவும் அப்பா பதவியில் இருந்ததால்." இதைக் கேட்டுத்தான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. அவர் அப்பா வெங்கடராமையா தலைமை நீதிபதியாக இருந்தபோதுதான் பாத்திமா பீவி பதவியேற்றார், அது போகட்டும். முன்னாள் தலைமை நீதிபதி சந்திரசூட்டின் அப்பாவும் தலைமை நீதிபதியாக இருந்தவர்தான். மகனைப் பாரம்பரியம் என்றீர்கள், மகளை மட்டும் வாரிசு என்கிறீர்கள். மத்தியப் பிரதேசத்தில் கருச்சிதைவான ஒரு பெண் நீதிபதியின் வேலை வேகத்தைக் கணக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பியபோது, ஆண்களுக்கும் மாதவிடாய் வந்தால்தான் புரியும் என்று அமர்விலிருந்து கேட்டவர் இந்த மகள்தான். 2025 பிப்ரவரியில் அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

"பெண்கள் தொழிலில் நீடிப்பதே இல்லை, கொலீஜியம் யாரைக் கூப்பிடும்?" இதைச் சொல்கிறவர்கள் தயவுசெய்து பெண் வக்கீல்களின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். நான் ஜூனியராக இருந்த ஒரு கோர்ட்டில் அது டவாலியிடம் (கோர்ட் சேவகர்) இருக்கும். அவர் டீ குடிக்கப் போயிருப்பார். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நின்று வாதாடியவளிடம், பெண்களுக்கு ஸ்டாமினா கம்மி என்று பார் ரூமில் உட்கார்ந்து தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள். இன்னும் எழுதினால் வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

அந்தப் பதிவை நீக்கச் சொல்லி இரண்டு பெரியவர்கள் போன் செய்தார்கள். நீக்க மாட்டேன் அண்ணே. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2024 மே மாதமே உத்தரவு வந்துவிட்டது. நம் சங்கத்துப் பேனரில் குத்துவிளக்கு ஏற்றுகிற படத்தில் மட்டும்தான் பெண்கள். அடுத்த தேர்தலில் நான் நிற்கிறேன். மகளிர் பிரதிநிதிக்கு இல்லை, தலைவர் பதவிக்கு. வேட்புமனுவில் முன்மொழிய ஒரு கையெழுத்து வேண்டும். சனிக்கிழமை கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இன்பாக்ஸுக்கு வாங்க.