“ம்… சொல்லு”

“ம்… சொல்லு” என்கிறார்கள். கண் மட்டும் போன் திரையை விட்டு நகர்வதில்லை. நேற்று அப்பாவின் பரிசோதனை முடிவைப் பற்றி நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்; அவன் மூக்குக்கண்ணாடியில் ஏதோ நடன வீடியோ மின்னிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினேன். அவனுக்கு அது தெரியவே இல்லை! இன்னும் இரண்டு முறை “ம்” கொட்டினான்.

கேட்டால் வாதம் கிளம்புகிறது. “போன் என்ன செய்யும்? கட்டுப்பாடு நம் கையில்தானே இருக்கிறது?” அப்படியா? முன்பு பக்கத்தின் அடியில் ‘அடுத்து’ என்று ஒரு பொத்தான் இருந்தது, அங்கேயாவது கை நின்றது. முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்தினார். செய்தவருக்கே உறுத்துகிறது, இவர்களுக்கு உறைக்கவில்லையே!

கருவியின் மேல் எவ்வளவு பழி வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் மனிதன் இல்லையா? இரண்டு நிமிடம் முகம் பார்த்துக் கேட்க முடியாதா? சாப்பிடும்போது, நடக்கும்போது, இழவு வீட்டில்கூட அந்த வெளிச்சம்! எத்தனை முறைதான் “கேட்கிறாயா?” என்று கேட்பது?

இன்று காலை செய்தி அனுப்பியிருக்கிறான்: “அப்பாவுக்கு என்ன ஆயிற்று?”