‘செட்டிநாட்டு சர்க்கரை நோய் விகிதம்’: அப்படி ஒரு கணக்கே இல்லை

தேசிய குடும்பநல ஆய்வின்படி செட்டிநாட்டில் இத்தனை சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

2019-21இல் நடந்த அந்த ஆய்வின் 5ஆவது சுற்றில் முடிவுகள் கிடைக்கும் மிகச்சிறிய அலகு மாவட்டம். செட்டிநாடோ சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களில் கிடக்கிறது. காரைக்குடிக்கென்று தனி எண் கிடையாது. மூலத்தரவை இறக்கிப் பிரித்தாலும் பயனில்லை: தேர்வான ஒவ்வொரு ஊரிலும் சுமார் 22 வீடுகள்தான், ஊர்ப்பெயரும் இராது.

இன்னொன்று, அதில் பார்த்தது விரல்நுனி ரத்தத்தில், சாப்பிட்ட நேரம் பாராத சர்க்கரை அளவு. டெசிலிட்டருக்கு 140 மி.கி.க்கு மேல் என்றால் ‘அதிகம்’. அது நோய் உறுதி அல்ல. சோறுண்டு வந்தவரும் அதில் அடங்குவார்.

மருத்துவமனை மாதாந்திர அறிக்கைத் தரவிலிருந்தும் இந்த விகிதத்தை எடுக்க முடியாது; அது வேறு வகை. பெரும்பாலும் சேவைகளை எண்ணுவது. ஒருவர் மூன்று முறை வந்தால் மூன்று என்றே கணக்கு.