டோன் பட்டன்ல அந்த மூச்சு வராது

கீபோர்ட்லயே ஃப்ளூட் டோன் இருக்குதே, அப்புறம் எதுக்கு ஃப்ளூட்டுக்குன்னு தனியா ஒரு ஆளுன்னு கேக்காத விழாக் கமிட்டிய நான் பாத்ததில்ல. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எந்தப் பக்கம் போனாலும் அட்வான்ஸ் பேசுறப்ப இந்தக் கேள்வி வந்துடும். எங்க பாட்டுக் கச்சேரி ட்ரூப்ல இதுக்கு யாரும் வாயால பதில் சொன்னதில்ல. கீபோர்ட் அண்ணன் முதல் பாட்டுலயே சொல்லிடுவாரு, ஏன்னா கீபோர்டும் அவருதான் ஃப்ளூட்டும் அவருதான். ஒரு பேமென்ட்ல ரெண்டு ஆளு கிடைச்சா கமிட்டிக்கு சந்தோஷம். ஆனா ரெண்டுல எதையுமே அவரு பாதியா வாசிச்சதில்ல, அது முன்னாடி உக்காந்து கேட்டவங்களுக்குத் தெரியும்.

போன மாசம் அவரு போயிட்டாரு. 41 வயசு, ஹார்ட் அட்டாக். வீட்ல கேட்டுக்கிட்டதால பேரும் போட்டோவும் போடல, நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நான் யாரைச் சொல்றேன்னு புரியும். ஸ்டேட்டஸ்ல எல்லாரும் "நல்ல மனுஷன்"னு போட்டிருந்தீங்க. நல்ல மனுஷன்தான், அதுல மாத்துக் கருத்தே கிடையாது. ஆனா அவரு எவ்ளோ பெரிய வாசிப்புக்காரர்னு ஒருத்தரும் எழுதல, அது எனக்கு மனசுல கெடந்து அறுக்குது, அதான் உக்காந்து இவ்ளோ நீளமா எழுதுறேன்.

அந்த டோன் விஷயத்த முதல்ல சொல்லிடுறேன். கீபோர்ட்ல இருக்குற ஃப்ளூட் டோன்ங்கறது எப்பவோ எங்கயோ ஒரு ஸ்டுடியோவுல யாரோ ஒருத்தர் ஊதினத நோட்டு நோட்டா பதிஞ்சு வச்சது. நீங்க சந்தோஷப் பாட்டுக்கு அமுக்கினாலும் சரி சோகப் பாட்டுக்கு அமுக்கினாலும் சரி, அந்த ஆளு அன்னிக்கு எடுத்த மூச்சுதான் வரும். மூங்கில்ல அப்படி இல்ல. உதட்ட கொஞ்சம் திருப்பினா சத்தம் மாறும், துளைய பாதி மூடி பாதி திறந்து விரல இழுத்தா ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொன்னுக்கு வழுக்கிக்கிட்டே போகலாம், நடுவுல படிக்கட்டே கிடையாது. கீபோர்ட்ல வெள்ளக் கட்டை கறுப்புக் கட்டை, அதுக்கு நடுவுல ஒண்ணுமில்ல. இடது கையில பிட்ச் பெண்ட் லீவர வளைச்சு சமாளிப்பாங்க, அதையும் அண்ணன் மாதிரி அளவா வளைக்கிறவங்க கம்மி. பாட்டு நடுவுல நாதஸ்வர பிட், அதாவது வாத்தியம் மட்டும் வர்ற துண்டு, வந்தா அந்த லீவர்லயே கண்ண மூடிக்கேட்டா நாயனம்னு நம்ப வச்சிடுவாரு. ஆனா ஃப்ளூட்டுக்கு மட்டும் டோன் பக்கமே போகமாட்டாரு. "கையில கொழல் இருக்கும்போது பட்டன் இன்னாத்துக்குமா"ன்னு கேப்பாரு.

ஒரே நேரத்துல ரெண்டும் எப்படின்னு வெளியூர் ஆளுங்க எங்கிட்ட கேட்டிருக்காங்க. வயலின் மாதிரி கேக்குற ஸ்ட்ரிங்ஸ் டோன்ல ஒரு கார்ட, அதாவது மூணு நாலு கட்டைய ஒண்ணா சேத்து, பிடிச்சிட்டு கால்ல சஸ்டெய்ன் பெடல அமுக்கிட்டா கைய எடுத்தாலும் சத்தம் நிக்கும். அந்த நேரத்துல ரெண்டு கையும் ஃப்ளூட்டுக்குப் போயிடும். இது பழகினா நிறைய பேரு செய்யலாம். கஷ்டம் எங்கன்னா, பிட் நடுவுல கார்ட் மாறுமே, அப்ப. அங்க அவரு ஃப்ளூட்டோட மேல் துளைங்கள மட்டும் இடது கை விரலால மூடித் திறந்து அந்த மூணு நாலு ஸ்வரத்துக்குள்ளயே ஓட்டிக்கிட்டு இருப்பாரு, வலது கை வந்து அடுத்த கார்ட அமுக்கிட்டு திரும்ப ஃப்ளூட்டுக்குப் போயிடும். இதுக்காகவே வீட்ல உக்காந்து ஒவ்வொரு பிட்டையும் எந்த எடத்துல ஒத்தக் கையால ஊத முடியும்னு பிரிச்சு எழுதி வச்சிருப்பாரு. பழைய ஸ்கூல் நோட்டு, ஒரு பக்கம் கார்ட், ஒரு பக்கம் ச ரி க ம. அந்த நோட்டுங்க இப்பவும் அவங்க வீட்ல அடுக்கி இருக்குது. அத இனிமே யாரு படிச்சுப் புரிஞ்சிக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியல.

நான் அந்த ட்ரூப்ல பாடினவ. பாடகிக்கு கீபோர்ட் பிளேயர் எப்படிப்பட்ட ஆளுங்கறது உயிர் பிரச்சனை மாதிரி. ஆடி மாசத்துல தொடர்ந்து கச்சேரி இருக்கும், கூழ் ஊத்துற எடமெல்லாம் மேடை, நாலு நாள்ல தொண்ட போயிடும். மேடையில ஏறுனதும் நான் "எல்லாருக்கும் வணக்கம்"னு சொல்ற அந்த ரெண்டு வார்த்தைய கேட்டே "இன்னாமா, தொண்ட கட்டிக்கிச்சா"ன்னு கண்ணாலயே கேட்டுட்டு சுருதிய அரைக் கட்டை எறக்கிடுவாரு. கீபோர்டுக்கு அது ஒரு ட்ரான்ஸ்போஸ் பட்டன், அமுக்கினா முடிஞ்சிது. ஃப்ளூட்டுக்கு அப்படிக் கிடையாது, ஒவ்வொரு சுருதிக்கும் தனி மூங்கில் வேணும். பையில வரிசையா இருக்கும், மேடை இருட்டுல தெரியணும்னு ஒவ்வொண்ணுலயும் வேற வேற கலர் நூல் சுத்தி வச்சிருப்பாரு. அரைக் கட்டை எறங்கினா அடுத்த நூலு. நான் பல்லவி முடிக்கிறதுக்குள்ள சரியான ஃப்ளூட்டு மடியில வந்து உக்காந்திருக்கும்.

ஏசி மண்டபம் இன்னொரு தலைவலி. இது பலருக்குத் தெரியாது, ஃப்ளூட்டுக்கு உள்ள இருக்குற காத்து சூடானா சுருதி ஏறும், குளிர்ந்தா எறங்கும். பத்து டிகிரி மாறினா அரைக் கட்டையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு நகர்ந்துடும், காது உள்ளவனுக்கு அது அபஸ்வரம். கீபோர்ட் என்னிக்கும் வச்ச எடத்துலயே நிக்கும், வெயில்ல தெரு மேடைன்னாலும் சரி ரிசப்ஷன் ஹால்னாலும் சரி. வேற ட்ரூப்ல ரெண்டு ஆளு ஒருத்தர ஒருத்தர் முறைச்சிக்குவாங்க, உன் சுருதி தப்பு உன் சுருதி தப்புன்னு. இங்க ரெண்டும் ஒரே ஆளு, முறைக்க யாரும் இல்ல. பிட் வர்றதுக்கு முன்னாடி துளையெல்லாம் மூடிக்கிட்டு சத்தம் வராம வெறும் மூச்ச உள்ள விட்டு மூங்கில சூடு பண்ணுவாரு. அப்பவும் எறங்கி நின்னா உதட்டுல கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பி மேல ஏத்திக்குவாரு. ஜனங்க பிரியாணி க்யூவுல நின்னுக்கிட்டு இருப்பாங்க, ஒருத்தரும் கேக்கல, இருந்தாலும் அந்தச் சுருதி சுத்தமா இருக்கணும் அவருக்கு. இத நான் பக்கத்துல நின்னு பாத்ததுனால சொல்றேன்.

அவங்க அப்பா பின்னி துணி மில்லுல வேல பாத்தவரு. 1996ல மில்ல மூடினப்ப இவரு பையன். அதுக்கப்புறம் அப்பா ஆட்டோ ஓட்டினாரு, பியானோ கிளாஸுக்கெல்லாம் துட்டு எங்க, பெரம்பூர் பக்கம் சர்ச் கொயர்ல ஒரு சின்ன கேசியோ இருந்துச்சு, அதுலதான் கத்துக்கிட்டாரு. நம்ம ஏரியாவுல கீபோர்ட் வாசிக்கிறவங்க நிறைய பேரு இப்படி கொயர்ல இருந்து வந்தவங்கதான், ஞாயித்துக்கிழமை காலையில பாமாலை, சாயங்காலம் அம்மன் கோயில் கச்சேரி, இதுல யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்ல. ஃப்ளூட்ட சொல்லிக்கொடுத்தது ஐசிஎஃப்ல, அதான் ரயில் பெட்டி செய்யிற ஃபேக்டரியில, வேல பாத்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவரு. சினிமாப் பாட்டு கேட்டா திட்டுவாராம், முதல்ல வர்ணம், அதான் கர்நாடக சங்கீதத்துல பயிற்சிக்கு வாசிக்கிற உருப்படி, அத வாசின்னு உக்கார வச்சிடுவாராம். பேகடா ராகத்து வர்ணம் சொல்லிக்கொடுக்கும்போது "இத எழுதின வீணை குப்பையர் நம்ம முத்தியால்பேட்டைக்காரருடா"ன்னு சொன்னாராம். அண்ணன் இத எத்தன தடவ எங்ககிட்ட சொல்லியிருப்பாரு!

நெஜம்தான அது. தியாகராஜரோட சிஷ்யர்தான் குப்பையர், அவரு கூப்பிட்டுத்தான் தியாகராஜர் இந்தப் பக்கம் வந்து திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மேல அஞ்சு கீர்த்தனை பாடினாரு. வீணை தனம்மாள் இருந்தது ஜார்ஜ் டவுன்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்டுக்கு கேக்க வர்றதுக்கு பெரிய பெரிய வித்வானுங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. இந்த ஊர்ல சங்கீதம்னா மயிலாப்பூர்னும் வடசென்னைன்னா கானா மட்டும்தான்னும் பேசுறவங்களுக்கு இது தெரியாது. கானா நம்ம சொத்து, அதுல சந்தேகமே இல்ல. அதோட இதுவும் நம்ம சொத்துன்னுதான் சொல்றேன். அண்ணன் ரெண்டையும் ஒண்ணா வச்சிருந்தாரு. சாவு வீட்ல கானா பாடுறவங்களுக்குப் பின்னாடி ஒரு ஃப்ளூட்டோட உக்காந்து வாசிச்சாருன்னா அதுல பேகடாவும் எட்டிப் பாக்கும், யாருக்கும் தெரியாது, ஆனா அழுதுக்கிட்டு இருந்தவங்க நிமிர்ந்து பாப்பாங்க.

சினிமாவுக்குப் போயிருக்கலாமேன்னு கேக்குறீங்க. கொஞ்சம் போனாரு, சில ட்ராக்குக்கு வாசிச்சாரு, நிலையா அமையல. இப்ப நிறைய எடத்துல கம்ப்யூட்டர்லயே முடிச்சிடுறாங்க. கல்யாண வீட்ல குரல் இல்லாம வாத்தியம் மட்டும் பதிஞ்ச மைனஸ் ட்ராக் போட்டுப் பாடிட்டுப் போயிடுறாங்க, இல்லன்னா டிஜே. ட்ரூப்ப கூப்பிடுறவங்க வருஷா வருஷம் கொறையுறாங்க. அதனால கிடைக்கிற கச்சேரிய விடமுடியாது, ஆடியில ஒரே நாள்ல ரெண்டு எடம்கூட போவோம். பத்து மணிக்கு மைக்க நிறுத்திட்டாலும் வேல அதோட முடியுமா? செட்ட பிரிச்சு குட்டி யானையில ஏத்தி, கமிட்டி ஆளத் தேடிப் புடிச்சு பேமென்ட் வாங்கி, அதுக்கே ஒரு மணி ஆயிடும். அதுக்கப்புறம்தான் சாப்பாடு, பரோட்டா இல்லன்னா பிரியாணி. முதல்ல என்னைய வீட்டு வாசல்ல எறக்கி விட்டுட்டுத்தான் மத்தவங்க போவாங்க, எங்க அம்மா கதவ திறக்குற வரைக்கும் வண்டி நிக்கும், அது அண்ணன் போட்ட ரூல்.

அன்னிக்கும் அப்படி ஒரு நடு ராத்திரிதான். நெஞ்சு எரியுதுன்னு சொல்லியிருக்காரு. கேஸ் ட்ரபுள்னு சோடா வாங்கிக் குடிச்சிட்டு வீட்ல போய் படுத்துட்டாரு. விடியக்காலையில முடிஞ்சு போச்சு. தயவுசெஞ்சு இத மட்டும் கேளுங்க, நெஞ்செரிச்சல்னு நாம நெனைக்கிறதுல ஹார்ட் அட்டாக்கும் இருக்கும். வேர்வை ஊத்துது, இடது கை இல்லன்னா தாடை வலிக்குது, மூச்சு வாங்குதுன்னா சோடாக்கடைக்குப் போகாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க, ஒரு ஈசிஜி எடுத்தா பல சமயம் கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சிடும். நம்ம நாட்டு ஆளுங்களுக்கு வெள்ளக்காரங்கள விட பல வருஷம் முன்னாடியே இது வருதுன்னு டாக்டருங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க. ராத்திரி முழிச்சு வேல பாக்குற எல்லா கலைஞர்களும் வருஷத்துக்கு ஒரு தடவ சுகரும் பிரஷரும் பாத்துடுங்க.

வயசாகாம போன வாசிப்புக்காரங்க நம்ம ஊர்ல புதுசு இல்ல. கர்நாடக சங்கீத மேடையில புல்லாங்குழலுக்கு எடம் வாங்கிக் கொடுத்தவரு கும்பகோணம் சரப சாஸ்திரி, கண்ணு தெரியாதவரு, 1904ல போனப்ப 32 வயசு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 2014ல, 45 வயசு. சரப சாஸ்திரி வாசிச்சத நாம கேக்க வழியில்ல, இந்தியாவுல பாட்டு பதிவு பண்ண ஆரம்பிச்சதே 1902லதான். ஸ்ரீநிவாஸ் வாசிச்சது எப்ப வேணா கேக்கலாம். ஆனா இப்ப ஆளுக்கு ஒரு போன் கையில இருக்குற காலத்துல இறந்துபோன எங்க அண்ணன் வாசிப்பு எங்க இருக்குது? கச்சேரிக்கு வர்ற அத்தன பேரும் வீடியோ எடுக்குறாங்க. எடுக்குறது பாடகர, இல்லன்னா ஆடுற சொந்தக்காரங்கள. இன்டர்லூட், அதான் நடுவுல வாத்தியம் மட்டும் வர்ற அந்த பிட், வந்ததும் போன கீழ எறக்கிடுறாங்க, திரும்ப சரணம் வந்தாதான் தூக்குறாங்க. அவரு உயிர விட்டு வாசிச்சதெல்லாம் அந்த எறக்கின நேரத்துலதான். எங்கிட்ட இருக்குற வீடியோ எல்லாத்தையும் பாத்துட்டேன், என் மூஞ்சிதான் இருக்குது.

இன்னொரு விஷயம், கோவத்தோட சொல்றேன். காசிமேடு கல்லறையில அடக்கம் பண்ணிட்டு வந்த மண்ணு காயல, அதுக்குள்ள அவரோட கீபோர்ட், அந்த ரோலண்ட் எக்ஸ்பி-60, என்ன வெலைக்கு வரும்னு அண்ணிகிட்ட போன் பண்ணிக் கேட்டிருக்காங்க. பழைய மாடல்தான, ஏதோ கொடுங்கன்னு பேசியிருக்காங்க. யாருன்னு எழுதல, அவங்களுக்கே தெரியும். ஏ.ஆர்.ரகுமானோட அப்பா ஆர்.கே.சேகர் 1976ல 43 வயசுல போனப்ப பையனுக்கு 9 வயசு, அவரு விட்டுட்டுப் போன வாத்தியங்கள வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் ஓடிச்சு. ஒரு வாசிப்புக்காரன் வீட்ல வாத்தியம்ங்கறது சோறு. அண்ணிகிட்ட நான் விக்க வேணாம்னு சொல்லியிருக்கேன், நம்ம ட்ரூப்புங்க வாடகைக்கு எடுத்துக்கிட்டா மாசா மாசம் கொஞ்சம் கைக்கு வரும். பெரிய பொண்ணு ஒம்பதாவது படிக்குது, கொயர்ல வாசிக்குது, அதுக்கும் வேணும்.

கடைசியா ஒரு உதவி. 2010ல இருந்து இந்த வருஷம் வரைக்கும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் எங்க ட்ரூப் கச்சேரிய யாராவது வீடியோ எடுத்திருந்தீங்கன்னா எடிட் பண்ணாம முழுசா இன்பாக்ஸ்ல அனுப்புங்க. அவரு முகம் தெரியலன்னா பரவாயில்ல, ஆடியோ போதும், இன்டர்லூட் இருந்தா போதும். கல்யாண வீடியோக்காரங்ககிட்ட பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும், அழிச்சிடாதீங்க, பென் டிரைவ் நான் கொண்டு வரேன். எந்தத் தேதி எந்த எடம்னு ஞாபகம் இருந்தா அதையும் எழுதி அனுப்புங்க, நோட்டுல அவரு எழுதி வச்சிருக்கிற பிட்டோட ஒப்பிட்டுப் பாத்து பேரு போட்டு சேத்து வைக்கிறோம், நானும் ட்ரூப்ல ரிதம் பேட் வாசிக்கிற தம்பியும்.