வளைவை அகலப்படுத்தினால் நடப்பவருக்குப் பாதுகாப்பா?

வேலூர்ச் சந்திப்புகளில் இடப்புற வளைவுகளை அகலமாக வெட்டிவிட்டால் வண்டிகள் தேங்காமல் போய்விடும், அதனால் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் பாதுகாப்புக் கூடும் என்று சொல்லப்படுவதில் முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதி தலைகீழானது. வளைவின் ஆரம் கூடும்போது ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமலே திரும்ப முடிகிறது. வேகம் 15 கி.மீ.யிலிருந்து 30 கி.மீ. ஆனால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகிறது. கடக்க வேண்டிய தூரமும் நீள்கிறது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 மீட்டர் சாலையை 10 நொடியில் கடப்பார், நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 15 நொடி வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே ஐடா ஸ்கடர் சாலையைக் கடப்பவர்களில் நோயாளிகளும் அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வருபவர்களும் எத்தனை பேர் என்பது வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் இதற்கு நேர்மாறாக, மூலையில் சிறு திட்டு அமைத்து வளைவை இறுக்குகிறார்கள். திரும்பும் வண்டி சைக்கிள் பாதையைக் கடக்கும் இடமும் சற்றுத் தள்ளிப்போவதால், பக்கவாட்டில் மறைந்து வந்திருக்கக்கூடிய சைக்கிள், வண்டியை ஓட்டுபவரின் முன்பார்வையில் விழுகிறது. பச்சை விளக்கை நடப்பவருக்கு 3 முதல் 7 நொடி வரை முந்தித் தருவதும் அதே நோக்கத்தில்தான்: வண்டி திரும்பத் தொடங்கும் முன்பே அவர் சாலையில் கண்ணில் படும்படி இருப்பார். இதற்குப் புதிய கம்பம்கூடத் தேவையில்லை. நடப்பவருக்கெனத் தனி விளக்கு ஏற்கெனவே இருக்கும் சந்திப்பில் நேர அமைப்பை மாற்றினாலே போதும்.