சிங்கப்பூரில் மக்கள்தொகை சுருங்கியதா?

‘இரண்டு குழந்தையோடு நிறுத்தச் சொன்னதால் சிங்கப்பூரில் ஆள் குறைந்தது, நிலமும் நீரும் மிஞ்சின’ என்று ஒரு பதிவு சுற்றுகிறது. முதல் பாதியே தவறு. குறைந்தது பிறப்பு, ஆள் அல்ல. 1970-இல் சுமார் 20.7 லட்சம் பேர், 2024-இல் 60.4 லட்சம். அதில் ஏறத்தாழ 18.6 லட்சம் பேர் வேலை, படிப்பு என வந்திருக்கும் வெளிநாட்டவர்.

1972-இல் பிரசாரம் தொடங்குமுன்பே பிறப்பு வேகமாகச் சரிந்துகொண்டிருந்தது. அரசு மருத்துவமனையில் அடுத்தடுத்த பிரசவத்துக்குக் கட்டணம் ஏற்றியதும், மூன்றாவது பிரசவத்துக்குச் சம்பள விடுப்பை மறுத்ததும் அதை முடுக்கின, அவ்வளவே. 1987-இல் கொள்கையைத் தலைகீழாக்கி, ‘வசதியிருந்தால் மூன்று’ என்றார்கள். பலனில்லை: 2023-இல் ஒரு பெண்ணுக்கு 0.97 குழந்தை.

நிலம் மிஞ்சவில்லை, கடலைத் தூர்த்துச் சேர்த்தார்கள். 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டர், இப்போது 730-க்கும் மேல். குடிநீருக்கும் மலேசியாவின் ஜொகூர் ஆறு வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளோ மின்சாரத்தை விழுங்குகின்றன.