கடலுக்குப் போகும் வழி எங்கே?

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய்ப் பாருங்கள். இடதுபுறம் கடல் கூடவே வருகிறது. ஆனால் கண்ணில் படுவதெல்லாம் மதிற்சுவர், கேட், மறுபடியும் மதிற்சுவர். கடலில் கால் நனைக்க அறை வாடகை கட்ட வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

போன மாதம் குழந்தைகளோடு ஒரு குப்பத்துச் சந்து வழியாக இறங்கி, ஈரமணலில் நடந்தோம். ஒரு சொகுசு விடுதியின் பின்புறம் வந்ததும் காவலாளி விசில் அடித்துக்கொண்டே ஓடி வந்தார். இது தனியார் கடற்கரையாம், திரும்பிப் போக வேண்டுமாம். அலை என் கணுக்காலில் மோதிக்கொண்டிருக்கிறது, அந்த இடம் தனியாருடையதாம்! அவர் சம்பளத்துக்கு நிற்பவர். அப்படிச் சொல்லச் சொல்லி அவரை நிறுத்தியவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று மத்திய அரசு 1991-ல் போட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே, இரண்டு விடுதிகளுக்கு நடுவில் மக்கள் கடலுக்குப் போகக் குறைந்தது 20 மீட்டர் அகலத்தில் வழி விட வேண்டும் என்றது. 2011 அறிவிக்கையும் அதையே சொன்னது. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு விடுதி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், கடற்கரையும் ஓடும் நீரும் பொதுமக்களின் பயனுக்கானவை, அரசு அவற்றுக்கு அறங்காவலர் என்று தீர்ப்பெழுதியது 1996-ல். அந்த 20 மீட்டரை நான் தேடித் தேடிப் பார்க்கிறேன். இரண்டு லாரிகள் எதிரெதிரே தாராளமாகப் போகும் அகலம்! ஆள் நுழையும் இடுக்குகூட இல்லை.

எனக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கெட்டது. கரைவலை இழுப்பவர்களுக்குப் பிழைப்பே போகிறது. படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு கயிறுகளையும் கரையிலிருந்து இரண்டு கூட்டம் இழுக்க வேண்டும். கடலுக்குள் நீரோட்டம் வலையைத் தள்ளத் தள்ள, இழுப்பவர்களும் கரையோரமாகவே நகர்ந்துகொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு வேலியோ கற்குவியலோ வந்தால் அந்தப் பாடு அதோடு போயிற்று. துறைமுகம் இல்லாத ஊர்களில் மணல்தான் படகுத்துறை. ஃபைபர் படகைத் தோளால் தள்ளியோ டிராக்டரில் கட்டியோ மேட்டுக்கு ஏற்றினால்தான் அன்றிரவு அலை அடித்துக்கொண்டு போகாமல் இருக்கும். வலையைக் காய வைப்பதும் பிரித்துத் தைப்பதும் அங்கேதான். அழகு கெடுகிறது என்று இவற்றை அப்புறப்படுத்தச் சொல்கிறவர்கள், 1985-ல் மெரினாவில் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போய் அது துப்பாக்கிச் சூட்டிலும் மீனவர்களின் சாவிலும் முடிந்ததை ஒருமுறை படிக்கட்டும்.

குளித்தால் ஆபத்து என்கிறார்கள். உண்மைதான், இந்தக் கரையில் அலையின் இழுப்பு பொல்லாதது, ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். அதற்கு நீச்சல் தெரிந்த மீனவ இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து உயிர்காப்பாளர்களாக நிறுத்துங்கள். விடுதி விருந்தாளி இறங்கிக் குளிக்கும் அதே கடல், வெளியாள் இறங்கினால் மட்டும் ஆபத்தாகிவிடுமா?

புதிய விடுதி எதற்கும் அனுமதி தருவதற்கு முன், இருக்கும் விடுதிகளுக்கு நடுவே அந்த 20 மீட்டரைச் சங்கிலி பிடித்து அளந்து கல் நடுங்கள். வழியை மறிக்கும் சுவரை, கட்டியவர் செலவிலேயே இடியுங்கள்.